தோற்ற அன்று கிளம்பிய ஜீப்

ஓட்டு எண்ணும் அறையில் ஏஜெண்டாக உட்கார்ந்து பழகியவர்களுக்கு, எந்த பூத் மிஷினைத் திறக்கும்போது காலை நீட்டி உட்காரலாம் என்று தெரியும். எங்கள் வார்டில் அது பெரிய தெரு. கட்சியின் கோட்டை. அன்று அந்த மிஷினைத் திறந்தார்கள். அதுவரை முன்னிலையில் இருந்த எங்கள் கவுன்சிலர் சேகரண்ணன் காலி!

வெளியே திறந்த ஜீப், கொட்டு, வெடி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சொல்லி வைத்து வாங்கிய ஆளுயர மாலை எல்லாம் தயார். நகரச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவனோ நம்மகூட இருந்துக்கிட்டே உள்ளடி வேலை பாத்துருக்கான்யா. பொழுது சாயுறதுக்குள்ள எனக்குப் பேரு வேணும்."

தோற்றால் உள்ளடி ஆளைத் தேடுவது எங்கள் தொழிலின் வழக்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. தெருவே மாற்றிக் குத்தியிருக்கிறது, ஒரு ஆளைத் தேடி என்ன செய்ய?

நேராகச் சேகரண்ணனிடம் போய், "அண்ணே, ஜீப்புல ஏறுங்க. பெரிய தெருவுக்கு நன்றி சொல்லப் போவோம்" என்றேன்.

சேகரண்ணன் மிரண்டார். "ஜெயிச்சவன்தான் மாப்ள நன்றி சொல்லப் போவான். சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும்ணே. நமக்கும் அங்க அம்புட்டுப் பேரு போட்டிருக்காங்கள்ல?"

மாலை, கொட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மைக்கோடு கிளம்பினோம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சிரிக்கவும் செய்தார்கள். ஆள் வெளியே வந்தால் காரணமும் வெளியே வரும் என்று எனக்கோ ஒரே உற்சாகம். தேர்தல் தவறாமல் எங்களுக்கு ஆரத்தி எடுக்கும் பாண்டியம்மாள் ஜீப்பை மறித்தார்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்கண்ணே. நான் மாத்தித்தான் போட்டேன்."

தோற்றவன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல யார் வருவார்கள்? எனக்கு அப்படியொரு சந்தோஷம்! ஜீப்பிலிருந்து குதித்து, "ஏம்மா?" என்றேன்.

"குழாயில சாக்கடை கலந்து வருதுன்னு உங்க ஆபீசுக்கு வந்தோம். அங்க வந்திருந்த எதிர்க்கட்சித் தெருக்காரங்கள முதல்ல கூப்பிட்டுப் பேசுனாங்க. எங்ககிட்ட, 'நீங்க நம்ம ஆளுக, எங்க போயிறப் போறீங்க'ன்னாங்க. எங்க போவோம்னு காட்டுனோம்."

உண்மைதான். சந்தேகமான தெருக்களில் நாயாய் அலைந்த நாங்கள், கோட்டைக்குள் பூத் சிலிப் கொடுக்கக்கூட ஒழுங்காகப் போகவில்லை.

சேகரண்ணன் இறங்கிப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தார். முகம் சுண்டிவிட்டது.

"நாளைக்குக் காலைல எல்லாரும் நகராட்சிக்குப் போவோம்மா. நானும் வாரேன்."

"பதவி இருந்தப்பவே வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கணும்மா. தப்புதான்" என்றவர், பழக்க தோஷத்தில், "அடுத்த தடவை இந்தத் தெரு நமக்குத்தானே?" என்றும் கேட்டுவிட்டார்.

"பாத்தீங்களா, மறுபடியும் ஆரம்பிக்கிறீங்க! முதல்ல தண்ணி வரட்டும்ணே."

தெருவே சிரித்தது. இந்தமுறை சேகரண்ணனும் சேர்ந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் போனில் வந்தார்.

"உள்ளடி பாத்தவன் பேரு கிடைச்சுதாய்யா?"

"கிடைச்சிருச்சுண்ணே. நம்ம ஆபீசுதான்."

பூத் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, தோற்றால் முதலில் ஜீப்பை எடுங்கள். ஓட்டு எந்தத் தெருவில் போனதோ, அங்கே போய் இறங்குங்கள்.