பழுத்த கூலன்ட்

மாரமங்கலத்து ஸ்தனிஸ்லாஸ், காபி எஸ்டேட்டில் தலை நரைக்கும் வரை மேஸ்திரியாக இருந்தவர். பழம் பறிப்பவர்களின் கூடையில் ஒரே ஒரு பச்சைக்காய் ஒளிந்திருந்தாலும் அவர் கண் கண்டுபிடித்துவிடும். பச்சையைக் கண்டால் அப்படி ஒரு கோபம். அவர் வீட்டுக் குழம்பில் மிளகாய்கூடப் பழுத்த பிறகுதான் விழும்.

ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்று வாங்கினார். குப்பனூர் மெக்கானிக் பெருமாள் பச்சைக் கூலன்டை ஊற்றி, “ஏத்தத்துல எஞ்சின் கொதிக்காம காப்பாத்தறது இதுதானுங்க. குறைஞ்சா இதையேதான் ஊத்தோணும்” என்று படித்துப் படித்துச் சொன்னான்.

மகள் சாராவின் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு கூலன்ட் குறைந்திருந்தது. கடையில் பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேஸ்திரிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பை வாங்கிவந்தார். உள்ளே இருந்த பச்சையில் பாதியை வடித்துவிட்டு, சிவப்பை வழிய வழிய ஊற்றினார். அந்த வண்டியிலேயே ஊர் ஊராகப் பத்திரிகையும் வைத்தார்.

கல்யாணக் காலை. ஏற்காட்டுக் கோயிலில் அன்று இன்னொரு கல்யாணமும் இருந்தது. தாமதமானால் சாயங்காலம்தான் தாலி என்று ஃபாதர் கறாராகச் சொல்லியிருந்தார். பின்சீட்டில் பட்டுச்சேலையில் சாரா. பக்கத்தில் மனைவி மரியசெல்வி. பாதி ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. அடுத்த வளைவில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. எவ்வளவு ஆவி என்கிறீர்கள்? பின்னால் வந்த டூரிஸ்ட் வேனிலிருந்து ஆட்கள் இறங்கி, பனிமூட்டம் என்று நினைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சூடு அடங்கும்வரை காத்திருந்து, ஈரச்சாக்கு போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார் ஸ்தனிஸ்லாஸ். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊற்றிய கூலன்டைக் காணோம். உள்ளே காபிப் பழத்தோல் அழுகியதுபோல் பழுப்பு நிறச் சேறு, கொழகொழவென்று அவரைப் பார்த்துக் குமிழி விட்டது. பெருமாளுக்கு போன் போட்டார்.

“ஏனுங்க மேஸ்திரி, பச்சையோட என்னத்தக் கலந்தீங்க?”

“சிவப்புப்பா.”

“எதுக்குங்க?”

“பழுத்தது நல்லதுன்னு...”

போனில் பெருமாள் அலறினான். “அய்யோ சாமி! நெறம் வெறும் சாயமுங்க! உள்ளார இருக்கற மருந்து வேற வேற. ரெண்டும் சண்ட போட்டுக் கெட்டியாயிருச்சு. வண்டி புத்தகத்துல என்ன ரகம் போட்டிருக்குதோ அதத்தானுங்க ஊத்தோணும். இனி சாவியத் தொட்டீங்க, எஞ்சினே போயிரும்!”

மரியசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “பழத்தையே பார்த்துப் பார்த்து உங்க மூளையும் பழுத்துப்போச்சுங்க! பொண்ணு கல்யாணம் நடுரோட்டுல நிக்குது!”

ஸ்தனிஸ்லாஸ் ஆயுள் முழுக்க எதை வைத்து நல்லது கெட்டது பிரித்தாரோ, அதே கண் இப்படிக் காலை வாரிவிட்டதே!

“அப்பா, பஸ்!” என்று சாரா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன.

“பொண்ணுக்கு இடம் விடுங்க!” என்று கண்டக்டர் கத்தினார். அந்த பஸ் அன்று எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்களும் விசில் அடிக்கச் சொல்லவில்லை. ஹாரன் அடித்தபடி நேராகக் கோயில் வாசலுக்கே வந்து நின்றது. நல்லவேளை, ஃபாதர் அப்போதுதான் அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சாரா இறங்கினாள். மேஸ்திரி இறங்கினார். அப்புறம் டிரைவர், கண்டக்டர், காபி மூட்டைக்காரர், கோழிக்கூடைக்காரி என்று பஸ்ஸில் ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகக் கோயிலுக்குள் நுழைந்தார்கள்.

மரியசெல்வி கணவனின் கையை இறுக்கிப் பிடித்தாள். “ஏனுங்க, இவுங்க அத்தன பேருக்கும் பிரியாணி?”

ஸ்தனிஸ்லாஸ் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ண ஆரம்பித்தார்.