சீனி இல்லாத ஐந்து டீ

பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். போன வருடம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவேயில்லை. "சர்க்கரை இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். விரலோடு நிற்குமா? கால் போனால் கிரேன் ஏணியில் எப்படி ஏறுவேன்? இருப்புக்கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் ஷூவைக் கழற்றிப் புண்ணைப் பார்ப்பேன். மாதா கோயிலில் முழங்காலில் நின்று அழுதேன். "அம்மா, எனக்குச் சுகம் தா" என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து, சீனியும் முந்திரியும் சேர்த்த மக்ரூன் வாங்கித் தின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன்.

தவக்காலம் தொடங்கிய வாரம், என் சாக்ஸில் ரத்தம் இருந்ததைக் கூட வேலை பார்க்கும் சூசை பார்த்துவிட்டான். எங்கள் ஷிப்டில் ஐந்து பேர். டீக்கு மூன்று கரண்டி சீனி கேட்கிறவன் அவன்தான். மறுநாள் கேன்டீனில் அவன் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அஞ்சு டீ. ஒண்ணுலயும் சீனி போடாதிய."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னலே, கேலி பண்ணுதியளா?"

"தவக்காலம்லா. நாங்க சீனிய விட்டுட்டோம். நீ வேணும்னா போட்டுக் குடி."

நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். எப்படிப் போட்டுக் குடிப்பது? தினமும் அதே கதை. மத்தியானம் ஆனால் "மாத்திர போட்டியாலே?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். எரிச்சலாக வரும். ஆனால் போட்டுவிடுவேன். மக்ரூன் பொட்டலத்தைத் திறக்கவும் கை வரவில்லை.

ஈஸ்டர் முடிந்தது. இனி சீனி வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்கும் அஞ்சு டீ, சீனி இல்லாமல். எதிரே எங்கள் ஐந்து பேரில் ஒருவரான முத்துமாலை அண்ணன் குடித்துக்கொண்டிருந்தார். குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர். அவருக்கு ஏது தவக்காலம்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. டம்ளரோடு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். மாதாவிடம் நான் கேட்ட உதவி இத்தனை நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மழைக்காலத்துக்கு முன் புண் ஆறிவிட்டது. இன்னும் ஷூவைக் கழற்றிப் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் விரல் இருக்கிறது, ஏணி ஏறுகிறேன், ஆண்டவருக்கு நன்றி. நீங்களும் விடாமல் ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

"இனி சீனி போட்டுக் குடிலே" என்று சூசையிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குப் பழகிட்டுலே" என்கிறான்.

பொய். ஒவ்வொரு மடக்குக்கும் அவன் முகம் கோணுகிறது. அந்தப் பொய்க்காகத் தினமும் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன்.