எனக்காக உருண்டவள்

நான் ஆபரேஷன் அறையில் மயங்கிக் கிடந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். என் புருஷன் எழுந்து நடந்தால் உன் கோயிலை ஒரு சுற்று உருண்டு வருவார் என்று. வேண்டியது அவள், உருள வேண்டியது நான். நல்ல நியாயம்!

இருபது வருஷம் தோட்டத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டி லோரியில் ஏற்றிய முதுகு. கீழ்முதுகில் இரண்டு எலும்புகளை நான்கு ஸ்குரூ போட்டு ஒன்றாக இறுக்கியிருந்தார்கள். குனியக்கூடாது, உடம்பை முறுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டிலிலிருந்து எழுவதற்குக்கூட மரக்கட்டை மாதிரி மொத்தமாகப் புரளப் பழக்கினார்கள்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் மாதம் கோயில் திருவிழா வந்தது.

"தெனமும் கட்டில்ல புரண்டுதானே எந்திரிக்கிறீங்க? அதே மாதிரி கோயில்லயும் புரளுங்களேன்," என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? ஸ்குரூ கழண்டா அம்மனா வந்து முடுக்கும்?"

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. "நடக்க வச்சத அவ திரும்ப எடுத்துக்கிட்டா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டாள்.

ஆபரேஷனுக்கு முன்பு போலவே, அன்று காலை என் இடது கால் மரத்துப்போயிருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

தம்பின் டவுனுக்குக் குடிவந்துவிட்டாலும் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குத்தான் போவோம். சட்டைக்குள் முதுகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். அவள் குளித்த ஈரச் சேலையோடு வந்து சிமெண்டுத் தரையில் படுத்தாள்.

"ஏய், என்ன பண்ற நீ?"

"வாக்கு குடுத்தவ நான்தானே. நீங்க கூடவே நடந்து வாங்க, போதும் லா."

உருண்டாள். நான் பக்கத்தில் நடந்தேன். மூன்றாவது மூலையில் தலை சுற்றி மல்லாந்து கிடந்தாள். கண்ணைத் திறக்காமல் என்னை நோக்கிக் கையை நீட்டினாள். என்னால் குனிய முடியாது. முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி உட்காரலாம். ஆனால் கால் அப்போதும் மரத்திருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கட்டிய மனைவி காலடியில் கிடக்க, கம்பம் மாதிரி நின்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தாள்.

"மறுபடியும் மரத்துப்போச்சா?"

"ஆமா," என்றேன்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மறுபடி உருளத் தொடங்கினாள். வாசல் வந்தது. வேண்டியிருந்த ஒரு சுற்று முடிந்தது. அவள் நிறுத்தாமல் இரண்டாம் சுற்றுக்கு உருண்டாள்.