நித்யாவோடு மொன்றியலில் இரண்டு வாரம்

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பிராங்க்பர்ட்டில் ஏறி எட்டு மணி நேரம் பறந்து வந்திருந்தோம். மொன்றியல் விமான நிலையத்தில் அதிகாரி என் மகள் நித்யாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த ஊர் மொன்றியல் என்று அதில் இருந்தது. "வீட்டுக்கு நல்வரவு" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். நித்யா என் பக்கம் திரும்பி, "யார் வீட்டுக்கும்மா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அவள் பிறந்தபோது நாங்கள் இங்கே இருந்தோம், குடியுரிமையும் வாங்கினோம். அவளுக்கு நான்கு வயதில் என் கணவருக்கு லக்சம்பர்க்கில் வேலை கிடைத்துப் போய்விட்டோம். இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. டவுன் சின்ட்ரோம் உள்ள பெண். போன வருடம் கணவர் தவறிவிட்டார். அன்றிலிருந்து என் தம்பி ரகு போனில், "இங்க வந்துடுக்கா" என்று சொல்லாத வாரமில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் கிளம்பினேன்.

ரகுவின் வீடு புவாண்ட்-கிளேரில். விமான நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம். அவன் மனைவி சுதா மாடியில் ஓர் அறையை ஒழித்து, நித்யாவுக்காகச் சுவருக்கு ரோஸ் நிறம் அடித்து, கட்டில் மேல் கரடிப் பொம்மையும் வைத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நித்யா எட்டிப் பார்த்துவிட்டு, "சின்னப் பாப்பா ரூம்" என்றாள். பொம்மையைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தாள்.

சாப்பிடும்போது ரகு சொன்னான்: "உனக்கப்புறம் இவளுக்கு யாருக்கா? அங்க கவர்மெண்ட் இருக்கு, சரி. தலைவலிச்சா கவர்மெண்டா வந்து தைலம் தேய்க்கும்?"

நான் நித்யாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

திங்கட்கிழமை காலை, நித்யா போன்றவர்களுக்கென்று ரகு விசாரித்து வைத்திருந்த ஒரு பகல்நேர மையத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு நித்யாவிடமே பேசினார், தறியைக் காட்டினார், நூலில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இருபத்தொரு வயதோடு பள்ளி முடிந்துவிடுகிறது, மேடம். அதன் பிறகு எல்லாரும் எங்களிடம்தான் வருகிறார்கள். எப்போது இடம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

லக்சம்பர்க்கில் எங்கள் ஊரான எஷ்ஷில், நித்யா ஒரு சலவைப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். சம்பளம் அவள் கணக்கில் விழும். அதற்காக எங்கும் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் இருபத்தோரு வருடமாக ஒரே மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் "மொயன்" என்று வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார். கணவர் இறந்தபோது கதவிடுக்கில் ஒரு அனுதாப அட்டை வந்தது, கட்டடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு. நல்ல மனிதர்கள்தான்.

புதன்கிழமை சுதாவுக்கு வேலை. நாங்களே பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து, தமிழ்க் கடைகள் உள்ள செயின்ட்-மிஷேலுக்குப் புறப்பட்டோம். டிக்கெட் ஒருவருக்கு மூன்றே முக்கால் டாலர். லக்சம்பர்க்கில் பஸ் எல்லாருக்கும் இலவசம் என்பதால் நித்யா டிரைவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்தே பிரெஞ்சு பேசுகிறவளுக்கு அந்தக் கியூபெக் பிரெஞ்சு பிடிபடவில்லை. "இவர் என்ன பாஷைம்மா?" என்றாள். எனக்கும் பாதிதான் புரிந்தது. இரண்டு பேருக்கும் காசு கொடுத்தேன்.

செயின்ட்-மிஷேலில் புனிதம் என்கிற யாழ்ப்பாணத்து அம்மாள் நடத்தும் பலசரக்குக் கடை. மிளகாய்த்தூள் வாங்கத்தான் போனேன். பத்து நிமிடத்துக்குள் அவர் என் கணவர் எந்த நோயில் இறந்தார், பிள்ளைக்காக எந்தக் கோவிலில் நேர்ந்துகொண்டேன் என்றெல்லாம் கேட்டுவிட்டார். எரிச்சலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் நித்யா முறுக்குப் பொட்டலங்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உம்மடை பேர் என்ன?"

"நித்யா."

"கெட்டிக்காரி. சனிக்கிழமை வாறீரே? எனக்கும் கையுதவிக்கு ஒராள் வேணும்." பிறகு என்னிடம், "விட்டிட்டுப் போங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

சனிக்கிழமை விட்டுவிட்டு வந்தேன். மதியம் வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலரை மணிக்குப் போனபோது வாசலிலேயே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. வருகிற சனத்திடமெல்லாம் புனிதம் அவளைக் காட்டி, "இது எங்கட நித்யா" என்று சொல்லியிருக்கிறார். எஷ்ஷில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கிளம்பும் நேரத்தில் நித்யா கேட்டாள்: "எனக்குச் சம்பளம்?"

புனிதம் சிரித்தார். "சம்பளமோ? பிள்ளையள் எங்கையாவது வீட்டிலை சம்பளம் கேக்குங்களோ? சோறு தந்தனான், ஐஸ்கிரீமும் தந்தனான்."

"நான் வேலை செஞ்சேன்" என்றாள் நித்யா. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

புனிதத்தின் முகம் மாறிவிட்டது. கல்லாவைத் திறந்து அறுபது டாலர் எடுத்து நீட்டினார். நித்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கையில வேண்டாம். பேங்க்ல போடணும்."

"உங்கட நாட்டிலை எல்லாரும் இப்பிடியே?" என்று புனிதம் என்னைப் பார்த்தார். கோபமா, மனசு நொந்துவிட்டதா, தெரியவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்பதா, நித்யா பக்கம் நிற்பதா என்று குழம்பி, பணத்தை நானே வாங்கிப் பைக்குள் வைத்தேன். நித்யா போகிறபோக்கில் புனிதத்தைக் கட்டிப்பிடித்து, "நாளைக்கும் வரேன்" என்றாள். அவரும், "ஓம், வாரும்" என்று அவள் தலையைத் தடவினார். அவர்கள் இருவருக்கும் அந்த விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அது எனக்குத்தான் முடியவில்லை.

அடுத்த வாரம் தினமும் ஒரு முடிவெடுத்தேன். காலையில் இங்கேயே வந்துவிடலாம் என்று தோன்றும். மையத்து அம்மாள் சொன்னது ஞாபகம் வந்ததும் கூடாது என்று தோன்றும். எஷ்ஷுக்குத் திரும்பினால் நித்யாவுக்கு வேலை இருக்கிறது, எனக்குப் பிறகு அவள் தங்க ஒரு விடுதியும் கிடைக்கும். இங்கே வந்தால் அவள் பெயரைத் தெரிந்த ஒரு தெரு இருக்கிறது. இரண்டையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை, புறப்பாடு. விமான நிலையத்தில் ரகு பெட்டிகளை இறக்கிவிட்டு, "என்னக்கா, சரின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றான். அவன் குரல் கெஞ்சியது. நான் நித்யாவிடம் திரும்பினேன்.

"உனக்கு எந்த ஊர்ல இருக்கணும்? இங்கயா, அங்கயா?"

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நீ எங்கம்மா இருப்ப?" என்றாள்.

ரகு வேறு பக்கம் பார்த்தான்.

"உன்கூடத்தான்" என்றேன்.

"அப்ப சரி" என்று தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.