பேச்சியின் புதுக் கண்ணில் என் வீட்டுக்காரர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை ஆளாக்கினேன். பேய், ஆவி என்று எவளாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

போன அறுப்பில் நெல் தூற்றும்போது எனக்கும் கொழுந்தன் பெண்டாட்டி பேச்சிக்கும் ஒரே காற்றில் கண்ணில் சுணை, அந்த நெல் முள்ளுத் தூசி, அடித்தது. பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டுக்கொண்டோம். அதுதான் வழக்கம், அதுதான் தப்பும். கருவிழியில் புண்ணாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. எனக்கு ஆறியும் பூ விழுந்து வெள்ளையாக நின்றது, அவளுக்கு ஆறவே இல்லை. செத்தவர் கொடுக்கும் கருவிழியை வைக்கவேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் பேர் எழுதினார்கள். முதலில் என் பேர்தான். ஆனால் அவள் கண்ணில் ஓட்டை விழப்போகிறது என்று அவளை முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வாக்கப்பட்ட நாளிலிருந்து எதிலும் அவள் எனக்குப் பின்னால்தான்.

அவளுக்குக் கருவிழி வைத்துக் கட்டுப் பிரித்து ஒரு மாதம் இருக்கும். உச்சி வெயிலில் கஞ்சி குடிக்கிறோம், என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரிக்கிறாள்.

"யாரப் பாத்துடி பல்லக் காட்டுற?"

"மாமாவத்தான்க்கா. ஒன் பின்னாலயே நிக்கிறாரு. மடியில மஞ்சத் துணி முடிச்சு வச்சிருக்காரு."

என் வீட்டுக்காரர் செத்து ஒன்பது வருஷம். பாடையில் கிடந்தவர் மடியில் என் மெட்டியை மஞ்சள் துணியில் முடிந்து செருகியது நான். பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாது. பயமா வந்தது? பொறாமைதான் வந்தது. என் புருஷன், என் பின்னால் நிற்கிறார், பார்ப்பதற்கு அவளா?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கருவிழி கடிகாரத்துக்கு மேல இருக்க கண்ணாடி மாதிரிம்மா. செத்தவங்க பாத்ததெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு வராது" என்றார். இருக்கட்டும், எனக்கும் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாகப் பின்னால் திரும்பினேன். சுவர்தான் இருந்தது. இட்லித் தூக்கோடு பேச்சி வந்தாள்.

"மாமா எங்கடி?"

தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதக்கா. இன்னைக்கு எம் பின்னால நிக்கிறாரு."

"வெளிய போடி" என்றேன். போனாள். வாசல் திரை அவளுக்காக விலகி விழுந்தது. காற்றே இல்லாத மத்தியானம், அந்தத் திரை இன்னொரு தடவை விலகி விழுந்தது.

இன்றைக்கு ஊசியில் நூல் கோர்க்கிறேன், அம்புட்டுத் தெளிவு. அவர் மட்டும் தெரியவில்லை.

எய்யா, இம்புட்டும் எழுதிட்டியா? திருப்பி வாசி. சத்தமா வாசிய்யா, பேச்சி வீடு பக்கத்துலதான். அவரு காதுல விழட்டும்.