ஸ்கேனுக்குப் போனவளின் கடை

ரங்கநாதன் தெருவில் தட்டு வைத்து ஹேர்கிளிப் விற்ற அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாவது மாதம். வீடு கிடையாது. ஜவுளிக்கடைகள் ஷட்டரை இறக்கியதும் ஒரு கடை வாசலில் புருஷனோடும் சின்ன மகனோடும் படுத்துக்கொள்வாள். நான் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் செவிலியர். ஸ்கேன் எடுக்க வரச்சொல்லி அவளிடம் நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டுவாள், வரமாட்டாள்.

முன்பு எங்கேயோ ஆஸ்பத்திரியில் வீட்டு விலாசம் கேட்டு, இல்லையென்றதும் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயம்தான் என்று நினைத்து, நடைபாதையையே விலாசமாகப் போட்டு அவள் பெயரை நானே பதிந்துவிட்டேன். அப்படியும் வரவில்லை. ஒருநாள் கோபமாகவே கேட்டேன்.

"நான் அங்க வந்து குந்திக்கினா இந்தச் சரக்க யாரு பாத்துப்பா சிஸ்டர்? ஒரு தபா வுட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா தட்டும் இல்ல, எடமும் இல்ல."

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் விற்றுவிடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கையே இல்லை.

என் வார விடுமுறையன்று எங்கள் நிலையத்து ஆயாம்மாவோடு அவளை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, அவள் விரித்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தேன். கூவி விற்கவேண்டும். எனக்குத் தொண்டையை விட்டுச் சத்தமே வரவில்லை. பக்கத்தில் கர்சீப் விற்ற அக்கா சிரித்துச் சிரித்து மாய்ந்துபோய், கடைசியில் எனக்கும் சேர்த்து அவளே கூவினாள்.

கூட்டத்தில் மாமியாரோடு வந்த ஒரு கர்ப்பிணி என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். எங்களிடம் மாதாமாதம் வருகிறவள். வேலையை விட்டுவிட்டீர்களா என்று உண்மையான கவலையோடு விசாரித்தாள். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். மாமியார் அவளைத் திரும்பிப் பார்க்க, அவள் அவசரமாக இரண்டு அட்டை கிளிப் வாங்கிக்கொண்டு நழுவினாள்.

அதைக் கேட்ட கர்சீப் அக்கா கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். கருத்தடைக்குக் காப்பர் டி போட்டு வருஷக்கணக்காகிறது, எப்போது எடுக்கவேண்டும், யாரிடம் கேட்பது என்று காதோடு கேட்டாள். அடுத்து பூக்காரப் பெண் ஒருத்தி. மாதவிடாய் நாளில் துணி மாற்ற இடமில்லாமல் காலையிலிருந்து இரவுவரை ஒரே துணியோடு இருந்து புண்ணாகிவிட்டதாம். இன்னொருத்திக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப்போயிருந்தது. குழந்தை இப்போது வேண்டாம், என்ன செய்யலாம் என்று தெரியவேண்டும். எல்லோரும் கிளிப்பைப் புரட்டிப் பார்ப்பதுபோல, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்கள். சுகாதார நிலையத்து மேஜைக்கு எதிரே ஒருத்திகூட இப்படிப் பேசியதில்லை. நான் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்; வியாபாரம் அடியோடு மறந்துபோயிற்று.

மத்தியானம் கிளிப்காரி ஸ்கேன் முடிந்து திரும்பி வந்தாள். என்னைச் சுற்றி இருந்த கும்பலைப் பார்த்து, "கடைய ஆஸ்பத்திரி ஆக்கிட்டியா?" என்றாள். குழந்தை நன்றாக இருந்தது. "காலை ஆட்டிக்கினே கீது சிஸ்டர், ஒரு நிமிசம் சும்மா இல்ல" என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நடந்ததை எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாரத்தில் ஒருநாள் கடைத்தெரு விழிக்கும் முன்பே நிலையத்துக்கு வந்து இவர்களைப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி வரவும் செய்தார். தள்ளிப்போனவளிடம் முதல் வாரமே தனியாகப் பேசி, அவள் விரும்பியபடி கருக்கலைப்பைப் பாதுகாப்பாக முடித்துக் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம் கிளிப்காரிக்கு அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போனபோது புருஷன் குழந்தையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். காப்பர் டி வேண்டுமென்று அவளே கேட்டுப் போட்டுக்கொண்டாளாம். "இன்னோரு கொயந்த எப்பன்னு இனிமே நான்தான் சொல்வேன்" என்றாள். அவன் அதற்கும் அசையாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

சில மாதம் கழித்து ஒரு விடிகாலையில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தவள், புதிதாக நடைபாதைக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணை என் முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"வெக்கப்பட்டா நோவு பூடுமா? சொல்லு."

நீ வெளியே இரு என்று கிளிப்காரியிடம் சொன்னேன். புதியவள் அவள் கையை விடவில்லை. சரியென்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.