அவருடைய கண்களுக்காகக் கேட்ட ஜெபம்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்திய வாரம் என் கணவர் டேவிட்டுக்குப் பார்வை போனது. நன்றி சொல்லத்தான் சபையில் உங்கள் முன்னால் வந்திருக்கிறேன். ஆனாலும் நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறோம். அவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்குத் தொழில், அதுதான் சந்தோஷம். பல வருடங்களாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. ஒரு காலையில், "ஸ்க்ரீன்ல கறுப்பா நூல் மாதிரி என்னமோ ஓடுது" என்றார். முதலில் ஒரு கண். கொஞ்ச நாளில் மற்றதும். ஆபரேஷன் செய்தார்கள். கண் கட்டை அவிழ்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"லைட்டப் போடச் சொல்லு, ரூபி" என்றார்.

அப்போது நடுப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், "விசுவாசத்தோடதானே கேட்டீங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு சில வாரங்கள் நான் ஆராதனைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் கட்டிலில் அவர் இல்லை. வேலியைத் தடவிக்கொண்டே ரோட்டு ஓரம் வரைக்கும் போயிருந்தார். பஸ்கள் அவரை உரசிக்கொண்டு போயின. ஓடிப் போய் இழுத்தேன்.

"எங்கங்க போறீங்க?"

என் கையைப் பிடித்துக்கூட நடக்கவில்லை. நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு என் ஜெபம் மாறியது. அதுவரை கண்ணைத் தாரும், கண்ணைத் தாரும் என்றுதான் கேட்டிருந்தேன். அன்று குசினியில், அடுப்புப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, இவர் என்கூட ஒரு வார்த்தை பேசட்டும், அது போதும்" என்றேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரமே நிஸார் நானா வந்தார். வீடு கட்டிக் கொடுக்கும் பாஸ், அதாவது மேஸ்திரி, அவர். குண்டசாலையில் கட்டவிருந்த ஒரு வீட்டின் பிளானை என் கணவர் பாதியில் விட்டிருந்தார். "தங்கச்சி, ஒங்களுக்குக் கரைச்சல் தாரத்துக்கு வரல்ல. வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே ஈக்கிறார். வேற ஆளுக்கிட்டக் குடுக்கவா?" என்றார்.

"வேணாம் நானா. நானே முடிச்சுத் தர்றேன்" என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பல்லேகலயில் கார்மெண்ட் ஃபேக்டரியில் ஷர்ட்டுக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தவள் நான். கம்ப்யூட்டரைத் தூசு தட்டியதோடு சரி. நிஸார் நானா வீட்டுக்காரரிடம் கொஞ்சம் தவணை வாங்கித் தந்தார்.

என் தங்கை சனிக்கிழமைகளில் அவரோடு வந்து இருந்தாள். நான் பஸ் ஏறிக் கண்டி டவுனில் கம்ப்யூட்டரில் பிளான் வரையப் பழக்கும் ஒரு வகுப்புக்குப் போனேன். மற்ற எல்லாரும் ஸ்கூல் முடித்த பிள்ளைகள். மவுஸைப் பிடித்து இழுத்தால், நேராகப் போக வேண்டிய கோடு சாய்ந்து போகும். முதல் நாளே அழுதுவிட்டேன். படிப்பித்த நஸ்ரின் மிஸ் என்னைவிட எவ்வளவோ இளையவர். "அழ வாணாம் அக்கா. பிழையாப் போனா அழிச்சிட்டுத் திரும்பக் கீறலாம் தானே" என்று பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் காட்டினார்.

ஒரு பின்னேரம் வீட்டில் அந்தப் பாதிப் பிளானைத் திறந்தேன். ஒரு சுவர் வரைய வேண்டும். உள்பக்கம் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டேன். மூலையில் சேரவில்லை. அழித்தேன். போட்டேன். மறுபடியும் கீயைத் தட்டித் தட்டி அழித்தேன். "ஆண்டவரே, எனக்கு ஏலாது" என்று வாய்விட்டே சொன்னேன்.

"எத்தன தரம் அழிக்கிற?"

கட்டிலிலிருந்துதான் வந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் குரல் போய்விடும் என்று பயந்தேன்.

"மூலை சேர மாட்டேங்குதுங்க."

"ரெண்டு கோட்டையும் ஏன் தனியாப் போடுற? ஒண்ணப் போட்டுட்டு ஆஃப்செட் குடு. சுவர் கனத்த டைப் பண்ணு. அது தானா அடுத்த கோட்டப் போடும்."

அவர் சொன்னபடி செய்தேன். கோடு வந்து நின்றது. மூலையைச் சேர்ப்பதற்கும் வழி சொன்னார். சேர்ந்தது.

"சேந்துச்சா?"

"சேந்துச்சுங்க" என்றேன். அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் என் பக்கத்தில் கதிரை போடச் சொன்னார். ஸ்க்ரீனில் இருப்பதை நான் சொல்வேன், அவர் யோசித்துப் பதில் சொல்வார். சில நாள் எரிந்து விழுவார். சில நாள் பாதியில் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நான் காத்திருப்பேன். அந்தப் பிளானை இருவரும் சேர்ந்து முடித்தோம்.

சுவர்கள் எழும்பியதும் நிஸார் நானா எங்களைத் த்ரீவீலில் குண்டசாலைக்குக் கூட்டிப் போனார். என் கணவர் செங்கல்லில் கை வைத்து, ஒவ்வோர் அறையாக நடந்தார். ஜன்னலுக்கு விட்ட இடத்தில் நின்றார்.

"வெயில் வருதா?"

"வருதுங்க. உங்க மூஞ்சிலதான் விழுது."

அங்கே நின்று அழுதார். பார்வை போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. நிஸார் நானா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்பானவர்களே, அவருக்குக் கண் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் முகத்தை அவர் மறுபடி பார்க்கப் போவதில்லை. இந்தத் துக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் குசினித் தரையில் நான் கேட்ட ஒரு வார்த்தையைத் தேவன் கொடுத்தார். இப்போது என் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

கேட்டது கிடைக்காத வீட்டிலிருந்து இங்கே யாராவது வந்திருந்தால், உங்களிடம் ஒன்று சொல்கிறேன். கோபம் வந்தால் கோபத்தோடேயே ஜெபியுங்கள். பெரிதாகக் கேட்கத் தெம்பில்லையென்றால் சின்னதாகக் கேளுங்கள். கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டாக்டர் முடிந்தது என்று சொன்ன பிறகும், என் கணவருடைய கண்களுக்காக இன்று காலையும் நான் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.